முதலில் வாரம், பிறகு மலை

ஆல்ப்ஸுக்குப் பனிச்சறுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஊரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஷமோனி, செர்மாட், கிட்ஸ்பூயல் என்று எங்கோ காதில் விழுந்த பெயர் ஒன்று. அந்த ஊரில் அறை தேடுகிறார்கள், விலை கட்டுப்படியாகும் தேதிக்குப் பணம் கட்டுகிறார்கள், கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது வானிலைப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கவலைப்பட ஆரம்பிக்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட்டால் இந்தக் கவலையில் பாதி வராமலே போகும். எந்த வாரம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வாரம் தெரிந்தால் ஊர் குறைந்தது எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். உயரத்தை வைத்துச் சலித்தால் பட்டியல் பாதியாகும். கூட வருகிறவர்களை வைத்து மறுபடி சலித்தால் நாலைந்து ஊர்தான் மிஞ்சும். அந்த நாலைந்தில் பெயருக்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டால் தப்பில்லை.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை

உயரமான சறுக்குத் தலங்கள் நவம்பர் கடைசியில் திறந்து ஏப்ரல் கடைசி வரை, சில இடங்களில் மே முதல் வாரம் வரை ஓடும். 1000 மீட்டரை ஒட்டிய ஊர்களில் டிசம்பர் நடுவில் தொடங்கி மார்ச் கடைசிக்குள் கடையைக் கட்டிவிடுவார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் எல்லாமே மலிவு. ஆனால் தரையில் அடிப்பனி கட்டியிருக்காது. முப்பது சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்தாலும் அடியில் இறுகிய படிவம் இல்லையென்றால் கல் தலைகாட்டும். பலகையின் அடிப்பாகம் கீறிப்போகும். வாடகைக் கடைக்காரர் அதைத் தவறாமல் கண்டுபிடிப்பார். சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றிச் செல்லும் லிஃப்டுகளிலும் ஒரு பகுதிதான் ஓடும். இந்தக் காலத்தில் போவதென்றால் ஊரே 1900 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும்: ஆஸ்திரியாவில் ஓபர்கூர்கல் (1930 மீட்டர்), இத்தாலியில் செர்வீனியா (2050), பிரான்ஸில் தீன்யு (2100), வால் தொரான்ஸ் (2300). இல்லையென்றால் பனியாறு உள்ள இடம். ஆஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸிலும் சுவிட்சர்லாந்தின் செர்மாட்டிலும் ஆண்டு முழுக்கச் சறுக்கலாம். ஆஸ்திரியாவின் ஸோல்டனில் பனிச்சறுக்கு உலகக் கோப்பைப் பருவமே அக்டோபர் கடைசியில் ரெட்டன்பாக் பனியாற்றில்தான் தொடங்குகிறது.

கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 6 வரையிலான இரண்டு வாரங்களை முடிந்தால் விட்டுவிடலாம். அறை விலை உச்சத்தில் இருக்கும், கூட்டம் உச்சத்தில் இருக்கும், பனி மட்டும் இன்னும் சேர்ந்து முடிந்திருக்காது. ஜனவரி 6 இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் விடுமுறை நாள் என்பதால், புத்தாண்டு முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும் என்று 3ஆம் தேதி போய் இறங்கினால் ஏமாற்றம்தான். 2023 புத்தாண்டை ஒட்டி வெப்பம் ஏறியபோது தாழ்வான தலங்கள் பல பாதைகளை மூட வேண்டியிருந்தது. அந்த ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் அடெல்போடனில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயம், பச்சைப் புல்வெளிக்கு நடுவே விரித்த ஒற்றை வெள்ளைக் கீற்றில் நடந்தது. படங்களைப் பார்த்தால் வேட்டி காயப்போட்ட மாதிரி இருக்கும்.

ஜனவரி 8, 10 தேதிவாக்கில் இருந்து மாதக் கடைசி வரை, ஓரளவு சறுக்கத் தெரிந்தவர்களுக்குப் பொற்காலம். விடுமுறைக்காரர்கள் போயிருப்பார்கள், அறை விலை விழுந்திருக்கும், லிஃப்ட் வரிசையில் நிற்கவே வேண்டியிருக்காது. குளிர் கடுமையாக இருப்பதால் விழுந்த பனி உலர்ந்து மாவு போல அப்படியே கிடக்கும். இதற்கெல்லாம் நாம் கொடுக்கும் விலை அந்தக் குளிர்தான். 2500 மீட்டரில் காலை ஒன்பது மணிக்கு கழித்தல் 15, சில நாள் கழித்தல் 20 டிகிரி. நாற்காலியில் உட்கார்ந்து தொங்கியபடி ஏறும் சேர்லிஃப்டில் காற்று அடித்தால் இன்னும் மோசம். மாலை நாலு மணிக்கெல்லாம் லிஃப்டுகள் நின்றுவிடும். ஆறு வயதுக் குழந்தையை முதன்முதலாகப் பலகையில் நிறுத்த இது நல்ல காலம் இல்லை. விரல் மரத்துப்போன குழந்தை எதையும் கற்றுக்கொள்ளாது.

பிப்ரவரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அதிகம் வீணாவது அங்கேதான்.

பிரான்ஸ் தன் பள்ளிகளை ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. ஒவ்வொரு மண்டலத்துக்கும் இரண்டு வாரக் குளிர்கால விடுமுறை. ஆனால் ஒன்றாக இல்லாமல் ஒரு வாரம் தள்ளித் தள்ளித் தொடங்கும். மொத்தம் நான்கு வாரம், பிப்ரவரித் தொடக்கத்தில் ஆரம்பித்து மார்ச் முதல் வாரம் வரை. தாளில் வரைந்து பார்த்தால் தெரியும்: முதல் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் ஒரே ஒரு மண்டலம்தான் விடுமுறையில் இருக்கும், நடு இரண்டு வாரங்களில் இரண்டிரண்டு மண்டலங்கள் சேர்ந்து மலையேறும். எந்த மண்டலம் முதலில் என்பது ஆண்டுதோறும் மாறும். பாரிஸ் எப்போதும் சி மண்டலம். ஆகவே அந்த ஆண்டு சி முதலில் தொடங்கினால் நான்காம் வாரம் உங்களுக்கு, சி கடைசியில் வந்தால் முதல் வாரம் உங்களுக்கு. இதன்மேல் பிரிட்டிஷ் பள்ளிகளின் அரைப்பருவ விடுமுறை பிப்ரவரி நடுவில் ஒரு வாரம் வந்து உட்காரும். பாரிஸும் லண்டனும் சேர்ந்து வரும் வாரத்தில் பிரெஞ்சு ஆல்ப்ஸில் அறை கிடைத்தாலும் போகாமல் இருப்பது நல்லது.

ஆஸ்திரியாவின் கணக்கு வேறு. வியன்னா பிப்ரவரி முதல் வாரத்தில் விடுமுறையில் போகும். மற்ற மாகாணங்கள் அதற்கடுத்த வாரங்களில். அங்கே நிஜமான நெரிசல் வெளியிலிருந்து வருவது: ஈஸ்டர் நோன்புக்கு முந்தைய கார்னிவல் திருவிழா வாரத்தில் ஜெர்மனியின் பவேரியா, பிப்ரவரி பின்பாதியில் நெதர்லாந்து. கார்னிவல் ஈஸ்டரைப் பிடித்து நகரும். 2027இல் கார்னிவல் திங்கள் பிப்ரவரி 8. 2028இல் பிப்ரவரி 28. ஆகவே போன வருடம் பிப்ரவரி கடைசி வாரம் காலியாக இருந்ததே என்று அதே வாரத்தை மறுபடி பிடிப்பது ஆபத்து. சுவிட்சர்லாந்தில் கன்டோன் எனப்படும் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டப்படி. சூரிச் பள்ளிகளுக்குப் பிப்ரவரியில் இரண்டு வாரம். போலந்தின் குளிர்கால விடுமுறை ஜனவரி நடுவில் தொடங்கிப் பகுதி பகுதியாகப் பிப்ரவரி முடியும் வரை ஓடும். ஸ்லோவாக்கியாவிலும் இத்தாலியின் சில பள்ளத்தாக்குகளிலும் அது தெரியும்.

இந்த நாள்காட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வழி புலப்படும். குழந்தைகளின் பள்ளி விடுமுறையால் பிப்ரவரியில்தான் போக முடியும் என்றால், அந்த வாரம் விடுமுறையில் இல்லாதவர்களின் மலைக்குப் போக வேண்டும். லண்டனில் இருக்கும் குடும்பம் அரைப்பருவ விடுமுறைக்குப் பிரான்ஸைத் தவிர்த்து இத்தாலியின் டோலமைட்ஸ் மலைப் பக்கமோ ஆஸ்திரியாவின் கிழக்குப் பக்கமோ பார்க்கலாம், அந்த வாரம் கார்னிவலோடு மோதாத வரை.

மார்ச் 8, 10 தேதிகளில் இருந்து 25 வரை எங்களைக் கேட்டால் ஆண்டின் மிகச் சிறந்த இரண்டு வாரம். பலருக்கு இது நம்பக் கடினம். மார்ச் என்றால் வெயில், வெயில் என்றால் பனி உருகும் என்று தோன்றும். ஆனால் 2000 மீட்டருக்கு மேல் பனியின் ஆழம் உச்சம் தொடுவது மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும்தான், ஏனென்றால் குளிர்காலம் முழுக்க விழுந்தது சேர்ந்துகொண்டே வந்திருக்கும். பகல் நீண்டிருக்கும், லிஃப்டுகள் நாலரை வரை, சில இடங்களில் ஐந்து வரை ஓடும், விலை இறங்கியிருக்கும். தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த மாதத்தில் சரிவின் முகம் முக்கியம். இரவில் உறைந்த பனி காலையில் கண்ணாடி போல இறுகி இருக்கும். முதல் வெயில் படும் கிழக்குச் சரிவுகள் பத்து மணிக்கு இளகும், தெற்குச் சரிவுகள் பதினொன்றுக்கு, மேற்குச் சரிவுகள் மதியத்துக்கு மேல். வடக்குச் சரிவுகள் நாள் முழுக்கத் தாங்கும். இந்த வரிசையில் சூரியனோடு நகர்ந்தால் நல்ல பனியிலேயே நாளைக் கழிக்கலாம். மாலை மூன்று மணிக்குத் தெற்குச் சரிவில் ஊருக்கு இறங்கினால் களிக்குள் கால் புதைவது மாதிரிதான். முழங்கால் திருகுவது பெரும்பாலும் அந்தக் கடைசி இறக்கத்தில். பிரான்ஸின் ஆல்ப் டுயஸ் தெற்கு பார்த்த ஊர். ஜனவரிக் குளிரில் அது வரம், ஏப்ரலில் அதுவே சாபம்.

ஈஸ்டர் 2027இல் மார்ச் 28, ஆகவே நடுத்தர உயரத் தலங்கள்கூடப் போதும். 2028இல் ஏப்ரல் 16. அதற்கு டிசம்பருக்குச் சொன்ன அதே ஊர்கள்தான்.

உயரம் என்று எதைச் சொல்கிறோம்

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். வானிலை முன்னறிவிப்பில் பூச்சிய டிகிரிக் கோடு எந்த உயரத்தில் என்று கொடுப்பார்கள். அதிலிருந்து இருநூறு முன்னூறு மீட்டர் கீழே வரை பனியாக விழும், அதற்கும் கீழே மழை. கோடு 1800இல் இருந்தால் 1500க்குக் கீழே உள்ள ஊரில் மழைச் சட்டை வேண்டும். ஒரே நாளில் வால் தொரான்ஸில் அரை மீட்டர் பனி, 760 மீட்டரில் இருக்கும் கிட்ஸ்பூயலில் தெருவெல்லாம் தண்ணீர் என்பது சாதாரணமாக நடக்கக்கூடியது.

விளம்பரங்கள் உச்சியின் உயரத்தைப் பெரிய எழுத்தில் போடும். அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. உச்சிக்குப் போகும் ஒற்றை கேபிள் கார் 3000 மீட்டரைத் தொடலாம். லிஃப்டுகளில் முக்கால்வாசி 1200க்கும் 1800க்கும் நடுவே இருக்கலாம். பாதை வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு லிஃப்டின் அடி நிலையம் எந்த உயரத்தில் என்று பாருங்கள். பெரும்பாலானவை 1700க்கு மேல் என்றால் அந்தத் தலத்தை உயரமானது என்று ஒப்புக்கொள்ளலாம்.

தாழ்வான ஊர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. கிட்ஸ்பூயல் போன்ற இடங்களில் சரிவுகள் கோடையில் மாடு மேயும் புல்வெளிகள். பனியின் அடியில் புல் என்பதால் முப்பது சென்டிமீட்டர் இறுகிய பனி இருந்தாலே பாதை திறந்துவிடலாம். பாறை நிறைந்த உயர்மலையில் அதே பாதைக்கு ஒரு மீட்டர் வேண்டும். குளிரான ஜனவரியில் தாழ்வான ஆஸ்திரிய ஊர் ஒன்று முழுமையாகத் திறந்திருக்க, உயரமான தலம் ஒன்று பாதி மூடிக் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

செயற்கைப் பனியைக் குறைவாக எண்ணுகிறவர்கள் உண்டு. இன்றைய ஆல்ப்ஸில் அது இல்லாமல் பருவமே இல்லை. ஆனால் பனி பீரங்கிக்கும் குளிர் வேண்டும். அதுவும் வெப்பமானி காட்டும் குளிர் போதாது, காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் வெப்பநிலை கழித்தல் 2 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். காற்று உலர்ந்திருந்தால் பூச்சிய டிகிரியிலேயே பனி செய்யலாம். ஈரமாக இருந்தால் கழித்தல் 1இல்கூட வெறும் தண்ணீர்தான் பீய்ச்சும். டோலமைட்ஸ் இதில் கைதேர்ந்த பகுதி. அங்கே இயற்கைப் பனி நம்ப முடியாதது, சில ஆண்டுகளில் டிசம்பர் முழுக்க வானம் பொய்த்துவிடும். ஆனால் காற்று உலர்ந்தது, இரவு குளிர்ந்தது, கிட்டத்தட்ட எல்லாப் பாதைகளுக்கும் பீரங்கி உண்டு. சுற்றிலும் மலை பழுப்பாக இருக்க, பாதைகள் மட்டும் சீராக வெள்ளையாக ஓடும். சறுக்க அது போதும், பாதையை விட்டு வெளியே போக நினைப்பவர்களுக்குப் போதாது.

மிக உயரத்துக்கும் தண்டனை உண்டு. 2000 மீட்டருக்கு மேல் போகப் போக மரங்கள் குறைந்து, பிறகு இல்லாமலே போகும். புயல் நாளில் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, முன்னால் மேடா பள்ளமா என்றே தெரியாது. அப்படிப்பட்ட நாளில் மரங்களுக்கு நடுவே பாதை உள்ள இடம்தான் காப்பாற்றும். பிரான்ஸின் செர் ஷெவாலியேயில் லார்ச் காடுகளுக்குள் அடுத்தடுத்துப் பாதைகள் உண்டு, அதனால்தான் அதற்கு விசுவாசிகள் அதிகம். காற்று அடித்தால் உயரத்து லிஃப்டுகள்தான் முதலில் நிற்கும். செர்மாட்டுக்கும் செர்வீனியாவுக்கும் நடுவே, எல்லையைக் கடந்து இறங்கும் உலகக் கோப்பைப் பந்தயம் என்று பெரிதாகத் திட்டமிட்டார்கள். 2022இல் பனி போதாமலும் 2023இல் காற்றும் பனியும் அளவுக்கு மிஞ்சியும் ஓட்டமே நடக்கவில்லை. இன்னொன்று, 2300 மீட்டரில் படுத்தால் முதல் இரண்டு இரவு தலைவலியும் தூக்கமின்மையும் வருவது இயல்பு. தண்ணீர் நிறையக் குடிப்பதும் முதல் நாள் மதுவைத் தவிர்ப்பதும் உதவும்.

எந்தப் பக்கத்துக் காற்று

ஆல்ப்ஸ் ஒரு மதில். வடமேற்கிலிருந்து ஈரக்காற்று வந்தால் வடக்குப் பக்கம் பனியைக் கொட்டிவிட்டு, தெற்கே வெறும் உலர்காற்றாக இறங்கும். தெற்கே மத்தியதரைக் கடலில், குறிப்பாக ஜெனோவா வளைகுடாவில், தாழ்வழுத்தம் உருவானால் எல்லாம் தலைகீழ்: டோலமைட்ஸிலும் பியெட்மான்ட்டிலும் மீட்டர் கணக்கில் பனி, வடக்கே ஃப்யோன் என்னும் சூடான காற்று பனியைத் தின்னும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் மழையில்லாதபோது அந்தப் பக்கம் கொட்டும் கதையேதான்.

வடமேற்குக் காற்றின் முழுப் பயன் பெறுவது ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் பகுதி. லெக், ஸூர்ஸ், அதற்கு வடக்கே வார்த். வார்த்தில் நல்ல பருவத்தில் விழும் பனியைக் கூட்டினால் பத்து மீட்டரைத் தாண்டும். பிரான்ஸின் அவோரியாஸும் சுவிஸின் எங்கெல்பெர்க்கும் அதே வரிசை. இவை சராசரி உயரத்தில் இருந்தும் பனியில் குறைவைப்பதில்லை. உயரத்தை மட்டும் பார்த்துச் சலித்தால் இவை கைநழுவிவிடும் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறோம்.

தேதியைத் தள்ளிப்போட முடிந்தவர்களுக்கு இதிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது. மார்ச் பயணத்துக்கு ஜனவரி நடுவில் முன்பதிவு செய்தால், அந்தப் பருவத்தில் வடக்குப் பக்கம் சேர்ந்திருக்கிறதா தெற்குப் பக்கமா என்பது அதற்குள் தெரிந்திருக்கும். சேர்ந்த அடிப்பனி ஒரு சூடான வாரத்தில் காணாமல் போய்விடாது.

பனி அறிக்கைகளைப் படிக்கும்போது, அவற்றை எழுதுவது தலத்தின் விற்பனையாளர்களே என்பதை மறக்கக் கூடாது. உச்சியில் 180 சென்டிமீட்டர் என்பது காற்று குவித்து வைத்த ஒரு மூலையாக இருக்கலாம். நாங்கள் பார்ப்பது மூன்று: மொத்த லிஃப்டுகளில் எத்தனை ஓடுகின்றன, ஊர் வரை இறங்கும் பாதை திறந்திருக்கிறதா, கடைசியாகப் பனி விழுந்த தேதி என்ன. பிறகு ஊரின் இணையக் கேமராவில் மதியம் இரண்டு மணிப் படம். காலைப் படத்தில் எல்லா ஊரும் அழகு.

ஆல்ப்ஸுக்கு வெளியே சுருக்கமாக. பல்கேரியாவின் பான்ஸ்கோவில் தங்குமிடமும் சாப்பாடும் மலிவு. ஊர் 900 மீட்டரில் இருக்க, சறுக்குவது 1600க்கு மேல் என்பதால் எல்லோரும் கம்பிவடத்தில் தொங்கிப் போகும் பெட்டிகளான ஒரே கொண்டோலாவில் ஏற வேண்டும்; காலை எட்டரைக்குப் போனால் ஒரு மணி நேர வரிசை சாதாரணம். விடிகாலையில் போய் நிற்க வேண்டும், அல்லது சாலை வழியாக மேலே போகும் வண்டியைப் பிடிக்க வேண்டும். ஸ்லோவாக்கியாவின் யாஸ்னா சிறியது, ஆனால் ஓரளவு தெரிந்தவர்களுக்கு நாலு நாளுக்குப் போதும். பின்லாந்தின் லெவியில் பனிக்குக் குறைவில்லை, மலைதான் குறைவு. டிசம்பர் நடுவில் அங்கே சூரியன் எழுவதே இல்லை, விளக்கொளியில் சறுக்க வேண்டும். வடக்கே போவதென்றால் மார்ச் கடைசியோ ஏப்ரலோ.

கூட வருவது யார்

முதன்முறை பலகையில் நிற்பவருக்கு 600 கிலோமீட்டர் பாதை உள்ள, பிரான்ஸின் ‘மூன்று பள்ளத்தாக்குகள்’ என்னும் பெரிய தலமும் ஒன்றுதான், ஊருக்கு ஓரத்தில் உள்ள புல்மேடும் ஒன்றுதான். முதல் வாரத்தில் அவர் பயன்படுத்துவது இரண்டு மூன்று கிலோமீட்டர். அவருக்கு வேண்டியது நகரும் கம்பளம் போட்ட, மெல்லிய சாய்வுள்ள, அவசரக்காரர்கள் குறுக்கே பாயாத ஒரு பயிற்சி மேடு. அது முடிந்ததும் போக நீளமான, அகலமான ஒரு நீலப் பாதை, அதாவது எளிய பாதை. இந்த இரண்டாவது இல்லாத ஊர்களில் மூன்றாம் நாள் கற்றுக்கொண்டவர் சலித்துப்போவார், அல்லது அதைவிடக் கடினமான சிவப்பில் ஏறிப் பயந்துபோவார்.

பயிற்சி மேடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தாழ்வான ஊரின் அடியில் இருந்தால் பனி முதலில் போவது அங்கிருந்துதான். ஆஸ்திரியாவின் மேயர்ஹோஃபனில் அது மேலே மலையில் இருக்கிறது. பனிக்கு நல்லது, ஆனால் தினமும் கொண்டோலாவில் ஏறி, மாலையிலும் அதிலேயே இறங்கி வர வேண்டும்.

நிறங்களும் நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸில் பச்சை, நீலம், சிவப்பு, கருப்பு. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலியில் பச்சை கிடையாது, நீலமே தொடக்கம். ஆஸ்திரியாவில் நீலத்தின் சாய்வு 25 சதவீதத்துக்குள், சிவப்பு 40க்குள் என்பது பொது விதி. பிரான்ஸில் நிறத்தை முடிவு செய்வது அந்தந்த ஊர். வால் டிஸேரின் சில நீலங்களை வேறு ஊரில் சிவப்பு என்றே எழுதியிருப்பார்கள். நிறத்தை நம்பாமல் வரைபடத்தில் உயரக் கோடுகளைப் பார்ப்பது பழகினவர் வழக்கம்.

தொடக்கநிலையினர் முழுப் பகுதிக்கும் ஆறு நாள் லிஃப்ட் பாஸ் வாங்குவது வீண். பெரிய தலங்களில் அது பெரியவர் ஒருவருக்கு 350 முதல் 450 யூரோ வரை போகும். முதல் இரண்டு நாளுக்குப் பயிற்சி லிஃப்ட் பாஸ் மட்டும் போதும். பல பிரெஞ்சு ஊர்களில் அந்த லிஃப்டுகள் இலவசம். சுவிட்சர்லாந்தின் பல இடங்களில் பாஸ் விலை விமானச் சீட்டு மாதிரி நாளுக்கு நாள் மாறும், முன்கூட்டி வாங்கினால் குறையும். பயிற்சி வகுப்பில் இடம் பிடிப்பது அறை பிடிப்பதை விட முந்த வேண்டியது. பிப்ரவரியில் ஆங்கிலம் பேசும் பயிற்சியாளர்கள்தான் முதலில் தீர்ந்துபோவார்கள். வாடகைக் கடையில் எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். எடை, உயரம், வயது, காலணி அடியின் நீளம், திறமை இவற்றை வைத்துத்தான் விழும்போது பலகை காலிலிருந்து கழன்றுகொள்ளும் விசையைத் திருகி வைப்பார்கள். காலணிக்குள் ஒரே ஒரு ஜோடி மெல்லிய காலுறை. இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து குளிர் கூடும்.

சறுக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் கலந்த குழுவுக்கு டோலமைட்ஸ் பொருத்தமானது. மலைக்குடில்களில் சாப்பாடு நன்றாக இருக்கும், நடந்து வருகிறவர்களும் கொண்டோலாவில் ஏறி அங்கே வந்து சேரலாம். தெரிந்தவர்கள் செல்லா மலையைச் சுற்றி நான்கு கணவாய்கள் வழியே போகும் செல்லா ரோண்டா சுற்றை முடிக்கலாம். சுமார் 40 கிலோமீட்டர், அதில் 26 சறுக்குவது. காலை பத்துக்குள் தொடங்கி, மாலை மூன்றரைக்குள் கடைசிக் கணவாயைத் தாண்டிவிட வேண்டும். கடைசி லிஃப்டைத் தவறவிட்டவர்களுக்கு அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து டாக்சிதான், அந்தக் கட்டணத்தில் இரண்டு நாள் பாஸ் வாங்கலாம். செர்மாட்டிலிருந்து செர்வீனியா பக்கம் சாப்பிடப் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை; அங்கே சாலை வழி பல மணி நேரச் சுற்று.

நன்றாகச் சறுக்குகிறவர்கள் ஆஸ்திரியாவின் சாங்க்ட் ஆன்டோனுக்கோ வால் டிஸேருக்கோ போவார்கள், அவர்களுக்கு எங்கள் ஆலோசனை தேவையில்லை. பாதையை விட்டு வெளியே போவதென்றால் மட்டும் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிக்க வேண்டும். ஐந்து படி உள்ள அளவுகோல் அது. மூன்று என்றால் நடுத்தரம் என்று எண்ணிக்கொள்வது கொடிய தவறு. உயிரிழப்புகளில் பெரும்பங்கு மூன்றாம் படியில்தான்.

போய்ச் சேருவது

ஆல்ப்ஸில் அறைகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரை. அதனால் பிப்ரவரிச் சனிக்கிழமைகளில் பிரான்ஸின் மூத்தியே ஊரை நோக்கிப் போகும் பள்ளத்தாக்குச் சாலை நகராத கார்களின் வரிசையாக இருக்கும். ஞாயிறு முதல் ஞாயிறு வரை அறை தரும் விடுதி கிடைத்தால் விடாதீர்கள். அதே காரணத்தால் சனிக்கிழமை சறுக்குப் பாதைகள் காலியாக இருக்கும். மியூனிக், மிலான் போன்ற நகரங்களுக்கு அருகில் உள்ள தலங்களில் மட்டும் கணக்கு மாறும். அங்கே வார இறுதியில் நகரமே ஏறி வந்துவிடும்.

ரயில் பல இடங்களில் காரை விட நல்லது. சாங்க்ட் ஆன்டோன் நிலையம் முதன்மை ரயில் பாதையிலேயே இருக்கிறது, சூரிச்சிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள். பிரான்ஸின் பூர் சாங் மோரிஸ் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே கயிற்று ரயில், ஏழு நிமிடத்தில் 1600 மீட்டரில் லெஸார்க். செர்மாட்டுக்குள் கார் போகவே முடியாது, டேஷில் நிறுத்திவிட்டு ரயில். விமானத்தில் இன்ஸ்ப்ரூக் போகிறவர்கள், ஃப்யோன் காற்று பலமானால் விமானம் மியூனிக்குக்குத் திருப்பப்படலாம் என்பதை மனதில் வைத்து, மாலையில் வேறு இணைப்பு எதையும் கட்டாயமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

காரில் போனால் டயர். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனிச் சாலையில் குளிர்கால டயர் கட்டாயம். பிரான்ஸின் மலைப்பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அந்த டயரோ சங்கிலியோ வேண்டும். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து குளிர்கால டயர் என்றால் மலையும் பனிப்பூவும் பொறித்தது மட்டுமே செல்லுபடியாகும். வாடகைக் காரை மிலானில் எடுத்தால் கோடை டயரோடு கொடுத்துவிடக்கூடும், கேட்டு வாங்க வேண்டும்.

இத்தாலியில் 2022 முதல் சறுக்குகிற எல்லோரும் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான காப்பீடு வைத்திருக்க வேண்டும். பாஸ் வாங்கும்போதே சில யூரோவுக்குச் சேர்த்துக்கொள்ளலாம். 2025–26 பருவத்திலிருந்து தலைக்கவசமும் எல்லா வயதினருக்கும் கட்டாயம். பயணக் காப்பீட்டில் குளிர்கால விளையாட்டு தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு பெரும்பாலும் இதைச் சேர்த்திருக்காது. மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கினால் அந்தப் பணம் கையிலிருந்து போகும்.

இந்தியக் கடவுச்சீட்டோடு பிரிட்டனில் இருந்து போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே மலையில் இருக்கும் குட்டி நாடான அன்டோராவுக்குச் சறுக்கப் போவதென்றால், அங்கே விமான நிலையம் இல்லை, அது ஷெங்கனிலும் இல்லை. பிரான்ஸ் அல்லது ஸ்பெயின் வழியாகத்தான் போய் வர முடியும். ஒற்றை நுழைவு விசா இருந்தால் உள்ளே போய்விடலாம், திரும்ப வெளியே வர முடியாது. பல நுழைவு விசா கேட்க வேண்டும். பல்கேரியா 2025 ஜனவரியிலிருந்து முழுமையாக ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால், பான்ஸ்கோவுக்கும் அதே ஷெங்கன் விசாதான். விண்ணப்பம் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். பிப்ரவரிப் பயணம் என்றால் விசா மையத்தில் நேரம் பிடிக்கும் வேலையை அக்டோபரில் முடித்துவிடுங்கள். டிசம்பரில் தேடினால் மார்ச்சுக்குத்தான் கிடைக்கும். மார்ச்சில் போனாலும் மோசமில்லைதான், மேலே சொன்ன மாதிரி.